மதுரையில் மூன்று நாள்: கோயிலுக்கு அப்பால் எதைப் பார்ப்பது, இரவில் எங்கே உண்பது?

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கோவையிலிருந்து பேருந்தில் புறப்பட்டு, ஞாயிறு இரவு திரும்பும்படி மதுரைப் பயணம் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறோம். என் கணவர், கட்டடக்கலை படிக்கும் மகன், எழுபது வயதைக் கடந்த என் மாமியார், நான் என நால்வர் வருகிறோம். மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு, மகாலை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு அன்றிரவே பேருந்து ஏறிவிடுவதுதான் எங்கள் உறவினர்கள் எல்லோருடைய வழக்கமும். இந்த முறை அப்படி அவசரமாகத் திரும்ப எங்களுக்கு விருப்பமில்லை.

மாமியார் சுத்த சைவம். அவருக்குக் கோயிலில் நிதானமான தரிசனம் கிடைத்தாலே போதும். மகனோ கறிதோசையையும் பன் பரோட்டாவையும் பற்றி இப்போதே பேசத் தொடங்கிவிட்டான். கட்டடங்களைப் பார்க்கவும் அவனுக்குப் பேரார்வம் உண்டு. எனக்கு ஒரே ஓர் ஆசை: தூங்கா நகரம் என்று காலங்காலமாகச் சொல்கிறார்களே, அந்த இரவு மதுரையை உண்மையாகவே பார்க்க வேண்டும். எந்த நேரத்தில் எங்கே இருந்தால் அது கண்ணில் படும் என்று ஊரை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். மது விடுதி, நடனக்கூடம் போன்றவற்றில் எங்களுக்கு நாட்டமில்லை.

மறுமொழி: வடக்குமாசி

வாருங்கள், அம்மா. மதுரையை இடங்களின் பட்டியலாக எடுத்துக்கொண்டு வருபவர்கள் நண்பகலுக்குள் களைத்துப் போகிறார்கள். இந்த ஊரைப் பொழுதை வைத்தே பார்க்க வேண்டும் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. கோயில் நடை அதிகாலை ஐந்து மணி வாக்கில் திறந்து, பகல் பன்னிரண்டரை அளவில் சாத்தி, மறுபடி மாலை நான்கு மணிக்குத் திறந்து, இரவு பத்து மணி வரை இருக்கிறது. ஊரின் மூச்சும் ஏறத்தாழ அதே தாளத்தில்தான் நடக்கிறது. நண்பகலில் அறைக்குத் திரும்பி நன்றாக உறங்கிவிடுங்கள். அந்த உறக்கத்தை வெட்டியவர்கள் யாரும் இரவு மதுரையை முழுமையாகப் பார்த்ததில்லை.

தங்குமிடத்தை மேல மாசி வீதிக்கும் சித்திரை வீதிக்கும் இடையில், அதாவது டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய பகுதியில் எடுத்துக்கொண்டால் ரயில் நிலையமும் கோயிலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும். கோயிலை நடுவில் வைத்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரமாக விரிவதுதான் பழைய ஊர். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் வழி தவறுவது கடினம். ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. சித்திரை வீதிகளில் வாகனம் கிடையாது, கல் பாவிய தரை என்பதால் உங்கள் மாமியாரும் நிதானமாக நடக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் கூட்டம் நெரியும். ஆகவே அன்று மூலவர் தரிசனத்திற்கு வரிசையில் நிற்க வேண்டாம். பொற்றாமரைக் குளக்கரையில் ஊஞ்சல் மண்டபம் இருக்கிறது. வெள்ளிதோறும் மாலையில் அம்மனையும் சுவாமியையும் அங்கே எழுந்தருளச் செய்து ஊஞ்சல் உற்சவம் நடத்துகிறார்கள். குளத்தின் படிக்கட்டில் அமர்ந்தபடியே அதைப் பார்க்கலாம். தரிசனத்தைச் சனிக்கிழமை அதிகாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடை திறந்தவுடன் கிழக்கே அம்மன் சன்னதி வழியாக அஷ்டசக்தி மண்டபத்தில் நுழைந்து, மதுரை வழக்கப்படி முதலில் மீனாட்சியையும் பிறகு சொக்கநாதரையும் கும்பிடுங்கள். கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள். 2018ஆம் ஆண்டு வீர வசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து ஏற்பட்ட பிறகு இந்தக் கட்டுப்பாடு இறுகிவிட்டது. அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் பாதுகாப்பு அறை வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகும். அரைக்கால் சட்டையும் லுங்கியும் கூடாது என்பதை மகனிடம் சொல்லிவிடுங்கள்.

சுவாமி சன்னதியில் வெள்ளியம்பலத்து நடராசரை அவசரமில்லாமல் பாருங்கள். எல்லா ஊரிலும் இடது கால் தூக்கி ஆடுகிறவர், இங்கே வலது காலைத் தூக்கி ஆடுகிறார். ஒரே காலில் நின்று ஆடினால் வலிக்குமே என்று பாண்டியன் வேண்டியதற்காகக் கால் மாற்றி ஆடினார் என்பது திருவிளையாடல் கதை. கதை தெரியாமல் அந்தச் சன்னதியைக் கடந்து போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிறுத்திச் சொல்லிவிடத் தோன்றும்.

இனி இரவு. ஒன்பது மணிக்கு மேல் மீண்டும் கோயிலுக்குள் போங்கள். பகல் முழுதும் இரைந்துகொண்டிருந்த பிராகாரங்களில் ஆள் குறைந்திருக்கும். பள்ளியறை பூசைக்கு, சொக்கநாதரின் திருவடிகளைப் பல்லக்கில் வைத்து, நாதஸ்வரம் முன்னே செல்ல, அவருடைய சன்னதியிலிருந்து அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எடுத்து வருவார்கள். பல்லக்குக்குப் பின்னால் நடந்து வருபவர்களில் பெரும்பாலோர் கடையை மூடிவிட்டு வந்த உள்ளூர்க்காரர்களாக இருப்பார்கள். மதுரைக்காரர்களோடு சேர்ந்து மதுரையைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து வெளியே வந்தால் பத்தைத் தாண்டியிருக்கும், பசியும் எடுத்திருக்கும். கறிதோசை இங்கே ஒரு பெயர் பெற்ற உணவு. தடித்த தோசை மாவைக் கல்லில் ஊற்றி, அதன் மேல் முட்டையைப் பரப்பி, அதற்கும் மேலே மசாலாவில் வதக்கிய பொடிக்கறியை அமர்த்தி, எண்ணெய் சுற்றிவிட்டு, ஒருபுறம் நன்றாக வெந்ததும் புரட்டிப் போட்டு அழுத்துவார்கள். மூன்று அடுக்கும் பிரியாமல் ஒன்றாக வருவதில்தான் மாஸ்டரின் கைப்பக்குவம் தெரியும். ஒருவர் ஒன்றுக்கு மேல் உண்பது கடினம் என்பதால் மகனை நிதானமாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பன் பரோட்டா கனமாக, உள்ளே இதழ் இதழாகப் பிரியும். சால்னா ஊற்றி ஊறவைத்துத்தான் அதைச் சாப்பிட வேண்டும். மட்டன் சுக்கா, குடல் குழம்பு, கோலா உருண்டை, அயிரை மீன் குழம்பு ஆகியவற்றுக்கு மதிய நேரத்து மெஸ்களே சிறந்தவை. அயிரை மீன் கிடைக்கும் நாளில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

இரவுக் கடை என்பது இந்த ஊருக்குப் புதிதாக வந்த நாகரிகம் அன்று. சங்க காலத்து மதுரைக்காஞ்சி, பகல் அங்காடியை விவரித்த கையோடு இரவின் அல்லங்காடியையும் விவரிக்கிறது. யாமம் ஏறியதும் கடைகள் அடைபட, அடையும் மோதகமும் விற்கும் கூவியர் உட்கார்ந்த இடத்திலேயே உறங்கிவிழும் காட்சியை மாங்குடி மருதனார் அதில் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் மகனுக்குப் பரோட்டாக் கடையில் இலை வரும் வரை சொல்லிக்கொண்டிருக்க இது உதவும்.

மறுமொழி: கல்தச்சன்

மகன் கட்டடக்கலை மாணவர் என்பதால் அவருக்காக மட்டும் எழுதுகிறேன்.

திருமலை நாயக்கர் மகாலை எட்டிப் பார்த்துவிட்டு வரும் இடமாக எண்ண வேண்டாம். 1636ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த அரண்மனையில் இப்போது நாம் பார்ப்பது சொர்க்க விலாசம் என்னும் அரசவை மண்டபமும் அதை ஒட்டிய சில பகுதிகளும் மட்டுமே. முழு அரண்மனையில் அது ஒரு சிறு பங்கு. திருமலை நாயக்கரின் பேரரான சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்துக் கொண்டு போனதாகச் சொல்வார்கள். பாழாகிக் கிடந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பழுதுபார்க்கச் செய்தார். 1970 வரை மாவட்ட நீதிமன்றம் இந்த மண்டபத்தில்தான் இயங்கியது. முற்றத்தின் நடுவில் நின்று தூண்களின் பருமனையும், மேலே வளைவுகள் மாடத்திற்கு ஏறும் விதத்தையும் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையுமாக இவ்வளவு பெரிய குவிமாடத்தைத் தாங்கியிருக்கிறார்கள். சுதையின் வழவழப்பைத் தூணின் மேற்பகுதியில் பாருங்கள். கை எட்டும் உயரத்தில் வந்தவர்கள் பெயர் கீறியே கெடுத்துவிட்டார்கள். மாலையில் ஒலி ஒளிக் காட்சி உண்டா என்பதைப் பகலில் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மகாலை விட்டு வெளியே வந்து விளக்குத்தூண் பக்கம் நடந்தால், ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் சந்து இருக்கிறது. கடைக்காரர்கள் துணி தொங்கவிட்டிருக்கும் அந்தப் பெருங்கற்றூண்கள் இதே அரண்மனை வளாகத்தின் எச்சம். மகாலுக்குள் நின்றபோது பிடிபடாத அரண்மனையின் பரப்பு இந்தச் சந்தில்தான் பிடிபடும். எத்தனையோ பேருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. விளக்குத்தூண் என்பது கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக எழுப்பியது. கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரித்தது அவர் காலத்தில். அந்த மதில் நின்ற சுற்றில்தான் இன்றைய வெளி வீதிகள் ஓடுகின்றன. நாயக்கர் காலத்துக்கும் முந்தைய கோட்டையின் கிழக்கு வாயிலை விட்டவாசல் என்ற பெயரில் அம்மன் சன்னதித் தெருவிலிருந்து கிழக்கே நடந்தால் காணலாம்.

கோயிலில் அவர் கவனிக்க வேண்டியவை சில. கிழக்குக் கோபுரம் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. தெற்குக் கோபுரம் பதினாறாம் நூற்றாண்டினது, இருப்பதிலேயே உயரமானதும் அதுதான். கிழக்கின் விளிம்பு ஏறத்தாழ நேராக ஏறுகிறது. தெற்கின் விளிம்பு உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. தெற்குச் சித்திரை வீதியின் மூலையில் நின்று இரண்டையும் கோட்டோவியமாக வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள் உள்ளன. எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை பிசகாமல் நிற்கும் அந்த அமைப்பை உணர, மண்டபத்தின் ஓரத்திலிருந்து மூலைவாட்டாகப் பார்க்க வேண்டும். கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் நெடுங்காலம் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்தன; அவர்களெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்திற்கு மாறிவிட்டார்கள். தூண்களில் நாயக்க மன்னர்களின் உருவச் சிலைகள் இருக்கின்றன. உள்ளே விட்டால் திருமலை நாயக்கரின் உருவத்தைத் தேடிப் பாருங்கள், தொந்தியோடு கூடிய அந்த உடலமைப்பைச் சிற்பி கொஞ்சமும் மறைக்கவில்லை. அதற்கும் கிழக்கே, முடிக்கப்படாமலே நின்றுபோன ராய கோபுரத்தின் அடித்தளம் இருக்கிறது. கோபுரம் எப்படி எழுகிறது என்பதை முடிந்த கோபுரங்களைவிட முடியாத இந்த ஒன்றுதான் ஒரு மாணவனுக்குத் தெளிவாகக் கற்றுத்தரும். கல் வேலை எங்கே நிற்கிறது, செங்கல் எங்கே தொடங்கியிருக்க வேண்டும் என்பதை அங்கே கண்ணால் காணலாம்.

ஞாயிறு விடியற்காலையில் தந்தையும் மகனும் மட்டும் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய் வரலாம். நகரின் மேற்கே, ஆட்டோவில் போய்வரும் தொலைவு. அடிவாரத்தில் ஆலமரங்களும் தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. செட்டிப்புடவுக் குகையில் தீர்த்தங்கரர் சிற்பம் பெரிது. பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சமணத் திருவுருவங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. வெயில் ஏறினால் பாறை சுடும் என்பதால் எட்டு மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது.

நொய்யல்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. பத்துத்தூணைப் பற்றி மகனுக்குப் படித்துக் காட்டினேன், அதை முதல் நாளே பார்க்க வேண்டும் என்கிறான். இன்னும் சில ஐயங்கள். இரவு பத்து, பதினொரு மணிக்கு மேல் பெண்கள் வெளியே இருப்பது எப்படி? மாமியாரை அறையில் தனியே விட்டுவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. அவருக்கும் மாலையில் பார்க்கவும் உண்ணவும் ஏதேனும் இருக்க வேண்டும். கீழடியையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

மறுமொழி: சிம்மக்கல்வாசி

வணக்கம், அக்கா. வடக்குமாசி ஐயா சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபாடு உண்டு. இரவு பதினொரு மணிக்குப் பரோட்டாக் கடையில் போய் உட்காருவதுதான் இரவு மதுரை என்று வெளியூரிலிருந்து வருபவர்கள் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில் பழைய ஊரின் உள் வீதிகள் பெரும்பாலும் அடங்கிவிடும். மாசி வீதியில் சில கடைகள், ரயில் நிலையம், பெரியார் பேருந்து நிலையம், மாட்டுத்தாவணி, கோரிப்பாளையம் ஆகிய இடங்கள்தான் விழித்திருக்கும். தூங்காத மதுரையைப் பார்க்க வேண்டுமானால் அதன் உழைப்பாளிகள் விழித்திருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். அது நள்ளிரவுக்குப் பிறகு விடியும் வரை.

மாட்டுத்தாவணியில் காய்கறிச் சந்தையும் பூச்சந்தையும் அருகருகே உள்ளன. சுற்று வட்டாரத்திலிருந்தும் மலையடிவாரங்களிலிருந்தும் லாரிகள் வந்து இறங்க, சுமைதூக்கும் தொழிலாளர்கள் தலையில் மூட்டையோடு ஓடுவார்கள். விடியும் முன்பே பாதி வியாபாரம் முடிந்துவிடும். பூச்சந்தைக்கு விடியற்காலை ஐந்து மணி வாக்கில் போனால் போதும். மல்லிகையை மொட்டாகத்தான் கொண்டுவருவார்கள். சாக்கைப் பிரித்துக் கொட்டும்போது அரிசியைக் கொட்டுவதுபோல் சலசலத்து விழும். அந்த மொட்டுகள் மாலையில்தான் விரியும். இதழ் தடித்திருப்பதால் மணம் நெடுநேரம் நிற்கும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நீங்கள் வருவது தை மாதம். பனியில் மல்லிகை விளைச்சல் குறைந்து விலை ஏறிக் கிடக்கும் காலம் அது; முகூர்த்த நாள் சேர்ந்துகொண்டால் இன்னும் ஏறும். விலையைக் கேட்டு மலைத்துவிட வேண்டாம், அப்போது பிச்சியும் கனகாம்பரமும் கலந்து வாங்கிக்கொள்ளலாம். பூக்காரம்மாக்கள் வாழை நாரை நனைத்துக்கொண்டு தொடுக்கும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். லோடு வரும் வழியில் மட்டும் நிற்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்கள். குடும்பமாக நால்வர் வருவதால் மாசி வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் பதினொரு மணி வரை அச்சமில்லாமல் நடக்கலாம்; பெண்களும் குழந்தைகளும் உங்களோடு நடந்துகொண்டிருப்பார்கள். ஆள் அரவம் இல்லாத குறுக்குச் சந்துகளையும் வைகைக் கரையோரத்தையும் இரவில் தவிர்த்துவிடுங்கள். விடியற்காலையில் சந்தைக்குப் போக, முதல் நாள் மாலையே விடுதியில் சொல்லி, போகவரக் கட்டணத்தைப் பேசி முடித்து ஆட்டோவை அமர்த்திக்கொள்ளுங்கள். அந்த வேளையில் தெருவில் நின்று பேரம் பேசுவது சலிப்பான வேலை.

உங்கள் மாமியாருக்கு மாலை நேரம்தான் ஏற்றது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திற்கு அழைத்துப் போங்கள். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம்; மகால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த இடம் என்றும், அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். நடுவே மைய மண்டபமும் மரங்களும் இருக்க, நான்கு புறமும் கருங்கல் கைப்பிடிச் சுவர் நெடுக ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் தின்பண்டக் கடைகள் உண்டு. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காற்று வாங்க, நீங்கள் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம்.

உணவில் அவருக்கு ஒரு குறையும் வராது. மாலையில் தள்ளுவண்டிகளில் பருத்திப்பால் விற்பார்கள். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தேங்காயும் போட்டுக் காய்ச்சியது. சூடாகக் குடித்தால் தைப் பனிக்குத் தொண்டைக்கு இதமாக இருக்கும். முள்ளு முருங்கை இலையை அரைத்துச் சேர்த்துப் பச்சை நிறத்தில் சுடும் வடையை மேலே பொடி தூவிக் கொடுப்பார்கள். சௌராட்டிர மக்கள் வாழும் தெருக்களில் அது பக்குவமாக இருக்கும். பால் பன் என்று இங்கே விற்பது ரொட்டி அன்று. பாகில் ஊறிய உருண்டை இனிப்பு. இரவுக்கு இட்லிக் கடை. ஈரத்துணியிலிருந்து எடுத்த இட்லி இலையில் விழுந்ததும் தேங்காய், தக்காளி, புதினா, காரச் சட்னி என்று ஒவ்வொன்றாக ஊற்றி, கேட்டால் பொடியும் நல்லெண்ணெயும் வைப்பார்கள். அசைவம் சமைக்காத கடை வேண்டும் என்றால் மேல மாசி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும் போதுமான அளவு இருக்கின்றன. ஜிகர்தண்டாவை இரவு உணவுக்குப் பிறகு குடிக்காதீர்கள். சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று அதுவே ஒரு வேளை உணவின் கனம். பிற்பகல் நான்கு மணிக்கு, மகாலிலிருந்து விளக்குத்தூண் வரும் வழியில் குடிப்பதே பொருத்தம்.

கீழடியைத் தாராளமாகச் சேர்க்கலாம். ஊரிலிருந்து தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே அகழாய்வில் கிடைத்த பொருள்களுக்கான அருங்காட்சியகத்தை 2023 மார்ச்சில் திறந்தார்கள். செட்டிநாட்டு வீட்டின் பாங்கில் கட்டியிருப்பதால் உங்கள் மகனுக்குக் கட்டடமே ஒரு பாடம். தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், பகடைக் காய்களும், நூல் நூற்கும் தக்களிகளும் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை பிற்பகல் உறக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போய் வாருங்கள்.

மறுமொழி: தெப்பக்குளத்துக்காரன்

ஒரு முக்கியமான செய்தி விடுபட்டுவிட்டது. தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா. அன்று விடியற்காலையிலேயே மீனாட்சியும் சுவாமியும் கோயிலிலிருந்து புறப்பட்டுத் தெப்பக்குளத்திற்கு எழுந்தருளிவிடுவார்கள். இரவு தெப்பம் முடிந்துதான் திரும்புவார்கள். அதுவரை கோயில் நடை சாத்தியிருக்கும். உங்கள் பயணத்திற்குள் பூசம் வந்தால் அன்று தரிசனத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். தரிசனம் இழந்தாலும், அலங்கரித்த தெப்பத்தை வடம் பிடித்து மைய மண்டபத்தைச் சுற்றி இழுத்துவரும் காட்சி கிடைக்கும். காலையில் இரண்டு சுற்று, இரவில் விளக்கொளியில் ஒரு சுற்று. மூத்தவர்களை அழைத்து வருபவர்கள் காலைச் சுற்றுக்கு வருவதே மேல். இரவில் நெரிசல் அதிகம். பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகு விடுதி முன்பதிவு செய்யுங்கள், அந்த நாளில் அறை கிடைப்பதும் அரிது.

நொய்யல்கரை

பஞ்சாங்கம் பார்த்தேன். பூசம் நாங்கள் வரும் வாரத்தில் இல்லை. இப்படி வகுத்துக்கொண்டோம்: வெள்ளி பிற்பகல் மகால், பத்துத்தூண், ஜிகர்தண்டா, மாலை ஊஞ்சல், சனி அதிகாலை தரிசனம், பிற்பகல் கீழடி, அங்கிருந்து திரும்பும் வழியில் தெப்பக்குளம், இரவு பள்ளியறை பூசை, அதன் பிறகு ஆண்கள் கறிதோசைக்கும் நாங்கள் இட்லிக்கும். ஞாயிறு விடியலில் ஆண்கள் சமணர் மலைக்கு, நான் பூச்சந்தைக்கு. அத்தை தானும் சந்தைக்கு வருவதாகச் சொல்கிறார். ஞாயிறு பகலில் எதை வைத்துக்கொள்ளலாம்? சந்தையில் வாங்கும் பூ, இரவு கோவை போய்ச் சேரும் வரை தாங்குமா?

மறுமொழி: வடக்குமாசி

சிம்மக்கல்வாசி சொன்ன சந்தை நேரத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் சனி இரவு பள்ளியறை பூசை, ஞாயிறு விடியலில் சந்தை என்று அடுத்தடுத்து வைத்தால் பெரியவருக்கு உறக்கம் போதாது. பள்ளியறை பூசையை வெள்ளி இரவுக்கே மாற்றிக்கொள்ளுங்கள்; ஊஞ்சல் முடிந்த பிறகு சித்திரை வீதியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மறுபடி உள்ளே போகலாம். அப்படிச் செய்தால் சனிக்கிழமை தரிசனத்தை ஏழு மணிக்குத் தள்ளினாலும் குறையில்லை, ஐந்து மணிக்கு இருக்கும் அமைதி மட்டும் கிடைக்காது.

ஞாயிறு முற்பகலில் காந்தி அருங்காட்சியகத்தை வைத்துக்கொள்ளுங்கள். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் அதைத் தொடங்கினார்கள். காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதி தோய்ந்த ஆடை அங்கே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மேல மாசி வீதிக்கு வந்தால், 1921 செப்டம்பரில் அவர் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறிய வீடு இருக்கிறது. இப்போது கதர் விற்பனை நிலையம். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. அங்காடிக்குப் போகும் எண்ணமிருந்தால் சுங்குடிச் சேலையைக் கையால் முடிச்சிட்டதா, அச்சிட்டதா என்று கேட்டு வாங்குங்கள். கையால் முடிச்சிட்ட துணியில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, முடிச்சு இருந்த இடத்தில் துணி சற்றே சுருங்கியிருக்கும்.

பூவைப் பொறுத்தவரை, விடியலில் வாங்கிய உதிரி மொட்டு மாலைக்குள் விரிந்துவிடும். கோவைக்குக் கொண்டுபோக வேண்டிய பூவைச் சந்தையில் வாங்காமல், ஞாயிறு மாலை புறப்படும் முன் அம்மன் சன்னதி அருகே தொடுத்த சரமாக, இன்னும் விரியாத மொட்டாகப் பார்த்து வாங்கி, தண்ணீர் தெளிக்காமல் வாழை இலையில் சுற்றித் துணிப்பையில் வையுங்கள். நெகிழிப் பையில் கட்டினால் வியர்த்துக் கறுத்துவிடும். கோவைப் பேருந்துகள் ஆரப்பாளையத்திலிருந்து புறப்படும், மாட்டுத்தாவணிக்குப் போய்விடாதீர்கள்.